டாப் ஸ்டேஷன் மலையில் ஆய்வுக்குப் போகிறீர்களா? எனக்கு யாரும் சொல்லாதவை

தொல்லியல் படித்தவர்களில் பெரும்பாலோர் கீழடி, ஆதிச்சநல்லூர், பொருந்தல் என்றுதான் போவார்கள். கடந்த நூற்றைம்பது, இருநூறு வருடத்து மிச்சங்களை, அதாவது பழைய ரயில் தடம், ஆலை, தோட்டத்து லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு), வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் இவற்றை முறையாக ஆராய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேருக்காக இதை எழுதுகிறேன். நான் போனபோது வழி சொல்ல ஒருவரும் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடமும், ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயும், அம்மாவின் ஒரு சங்கிலியும் இதில் போயிருக்கின்றன. சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. இதில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். அம்மாச்சி மூணாறு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்ற பேர்களைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். ரயிலே இல்லாத மலையில் எதற்கு ஸ்டேஷன் என்று கேட்டால் பெரியவர்கள் கம்பிவடக் கதை சொல்வார்கள். கதை உண்மைதான். 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஓடும், சாயாமல் தாங்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்து மண்ணில் உருளும், இழுத்தது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலத்தில் சாதாரணத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கி, அப்புறம் போடிக்கு வந்தன. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததே 1928-இல்தான். அதற்குள் மலை ரயில் செத்துப்போயிருந்தது. 1924 ஜூலை வெள்ளம் அதைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நின்றுபோன தடம், அதன் பாலக்கால்கள், கம்பிவடத் தூண்களின் அடித்தளம், அதைச் சுற்றி வாழ்ந்த தமிழ்க் கூலிக்காரர்களின் குடியிருப்பு. இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முனைவர் பட்டப் பதிவின்போதே முதல் அடி விழுந்தது. ஆய்வுக் குழுவில் இருந்த ஒருவர், "இதெல்லாம் தொல்லியலா? வரலாற்றுத் துறைக்குப் போம்மா" என்றார். இன்னொருவர் தலைப்பை மாற்றச் சொன்னார். மாற்றிக்கொண்டு போனால் அடுத்த கூட்டம் தள்ளிப்போனது. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பாடத்திட்டம் பெரும்பாலும் விஜயநகரத்தோடு கடையைக் கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு மண்ணில் எதுவுமே படியவில்லை என்பது போல.

நீங்கள் குழு முன்னால் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். பிரிட்டனில் இடைக்காலத்துக்குப் பிந்தைய தொல்லியலுக்கென்றே ஒரு சங்கம் 1966-இல் தொடங்கி, மறு வருடத்திலிருந்து ஆய்விதழ் நடத்துகிறது. அமெரிக்காவில் இதே வேலையை வரலாற்றுத் தொல்லியல் என்று 1967 முதல் ஒரு சங்கம் நடத்திவருகிறது. இது நான் கண்டுபிடித்த புதுத் துறை இல்லை, அறுபது வருடப் பழக்கம் உள்ளது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கூடவே உங்கள் முறை என்ன என்பதைச் சொல்லுங்கள்: தடத்தை அளந்து வரைபடம் போடுவது, கட்டடத்தைக் கல் கல்லாகப் பதிவது, மேற்பரப்பில் கிடக்கும் பொருளை வகைப்படுத்துவது. முறையைப் பார்த்ததும்தான் என் குழு இறங்கிவந்தது. "தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை" என்ற மாதிரி அகலமான தலைப்பு வைத்தால் உங்களைச் சமூகவியலுக்குத் துரத்துவார்கள். இடமும் பொருளும் காலமும் தலைப்பிலேயே இருக்கட்டும். இன்னொன்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகம் போனால் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடச் சலுகை உண்டு. இந்தத் தலைப்பு இழுபறியில் போகும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

அடுத்தது அனுமதி. என்னை உண்மையில் உடைத்தது இதுதான். ஒரு கோயில் கல்வெட்டைப் படிக்கப் போனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறை என்றால் மத்திய தொல்லியல் துறை, தரங்கம்பாடியில் 1620-இல் எழும்பிய டேனியக் கோட்டை என்றால் மாநிலத் தொல்லியல் துறை. என் ரயில் தடத்துக்கும் கம்பிவடத்துக்கும் அப்படி ஒரு சொந்தக்காரர் இல்லை. மூணாறு பக்கம் தடம் போகும் இடமெல்லாம் தோட்டம், அரசு நிலம், வனம், தனியார் பட்டா என்று மாறி மாறி வருகிறது. அந்த மலை நிலத்துக்கென்றே 1971-இல் கேரள அரசு தனிச் சட்டம் போட்டது என்றால் சிக்கலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாப் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது கேரளா வழியாக, ஆனால் அந்த இடம் தேனி மாவட்டம். அங்கிருந்து கீழே கோட்டகுடி வரை கம்பிவடம் இறங்கிய சரிவு தமிழ்நாட்டு வனம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் காலெடுத்து வைப்பதற்கே கெடுபிடி. கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "எனக்குத் தூண் அடித்தளத்தை அளக்க வேண்டும்" என்ற விண்ணப்பத்தை எந்தக் கட்டில் வைப்பது என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியவில்லை.

ஒரு தோட்ட நிர்வாகம், பேரைச் சொல்ல விரும்பவில்லை, போனில் "வாங்க, பார்த்துக்கலாம்" என்றது. நான் ஜீப் பிடித்து, அளவு நாடா, ஜிபிஎஸ், உதவிக்கு இரண்டு ஜூனியர் பிள்ளைகள் எல்லாரோடும் போய் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே போன் போட்டுப் பேசிவிட்டு, "மேடம், எழுத்துல வாங்கிட்டு வாங்க" என்றார். எழுத்தில் கேட்டால் பதிலே இல்லை. திரும்பப் போன் செய்தால், "நிலத் தகராறு கேஸ் இருக்கு, படம் எடுக்க விட முடியாது". அன்றைக்கு ஜீப் வாடகையும் பிள்ளைகளின் சாப்பாடு, தங்கல் செலவும் என் கையை விட்டுப் போயின. அதைவிட அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ரொம்ப நேரம் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இப்படிக் கழிந்தவைதான் அந்த இரண்டு வருடத்தில் பெரும் பகுதி.

ஆகவே தலைப்பைப் பதிவதற்கு முன்பே நிலம் யாருடையது என்ற பட்டியலைப் போட்டுவிடுங்கள். கிராம அலுவலகம், கேரளப் பக்கம் என்றால் வில்லேஜ் ஆபீஸ், அங்கே சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு வரைபடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் நிறம் கொடுங்கள். அனுமதிக் கடிதம் உங்கள் பேரில் போகக் கூடாது, பதிவாளர் கையெழுத்தோடு பல்கலைக்கழகத்தின் பேரில் போக வேண்டும். கடிதத்தில் "தோண்ட மாட்டோம், எதையும் எடுத்துப் போக மாட்டோம், நில உரிமை பற்றி எதுவும் எழுத மாட்டோம்" என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். கேரள அலுவலகத்துக்கு மலையாளத்தில் ஒரு பிரதி வையுங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பி ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள். முக்கியமாக, அனுமதி கிடைக்காவிட்டாலும் நடக்கக்கூடிய ஒரு பகுதியை ஆய்வுக்குள் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சாலை ஓரமாகத் தெரியும் தடம், ஆவணக் காப்பகம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு, இவை மூன்றுக்கும் கேட் கிடையாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி நூறு வருடமாவது ஆனால்தான் ஒன்று பழஞ்சின்னம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொருட்களுக்கு அதே நூறு வருடத்தைத்தான் சொல்கிறது, கையெழுத்துச் சுவடிக்கு மட்டும் எழுபத்தைந்து. அதனால் நம் துறையில் ஒரே இடத்தில் கிடக்கும் இரண்டு பொருட்களில் ஒன்று சட்டத்துக்குள் வரும், இன்னொன்று வெறும் பழைய இரும்பு. நூறு வருடம் ஆகிவிட்டாலும், சின்னம் என்று அரசு அறிவித்தால்தான் பாதுகாப்பு, தானாக வராது. பழைய இரும்பை விற்கிறவரை நீங்கள் தடுக்க முடியாது. அகழாய்வு அனுமதி தனி மாணவருக்குக் கிடைக்கவே கிடைக்காது, நிறுவனங்களுக்குத்தான். மண்ணுக்குள் மதிப்புள்ள எதுவும் தட்டுப்பட்டால் தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், கேரளாவில் அவர்களுடைய 1968-ஆம் ஆண்டுச் சட்டம். நான் ஒரு ஓட்டுச் சில்லைக்கூடப் பையில் போட்டு வந்ததில்லை. கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட்டு வருவேன். செக்போஸ்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னபோதெல்லாம் அது கைகொடுத்தது.

பொருளைப் படிக்கும் வித்தை தனி. இதைச் சொல்லித்தர இங்கே வகுப்பு இல்லை, நாமே கற்க வேண்டியதுதான். ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேவிகுளம் போகும் வழியில் இடிந்த கட்டடம் ஒன்றின் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், ரீப்பர் கட்டைகளுக்கு நடுவே ஓட்டின் அடிப்பக்கம் தெரியும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடித்ததும் பாசல் மிஷன் என்ற எழுத்தும் 1865 என்ற எண்ணும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பார்த்ததும் நெஞ்சு துள்ளும். ஆனால் 1865 என்பது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம், அந்த ஓடு சுட்ட வருடம் இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் தொடர்பு காரணமாக அவர்கள் சொத்துகள் பறிக்கப்பட்டு, 1919-க்குப் பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் பேருக்கு மாறின. எனவே எந்தப் பேர் பொறித்திருக்கிறது என்பதுதான் காலம் சொல்லும், எண் சொல்லாது. அந்த ஓட்டையும் வேறு கட்டடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். மலையில் எதையும் வீணாக்க மாட்டார்கள். ஒரு மாட்டுக் கொட்டகைக்குத் தண்டவாளத் துண்டே உத்தரமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டில்களும் அப்படித்தான். கோலி சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியது 1872-இல். ஆகவே கழுத்து நெரித்த பாட்டில் ஒன்று கிடந்தால் அதற்கு முன் இல்லை என்று மட்டும் சொல்லலாம். பின்னெல்லை கிடையாது, இன்றும் நம் ஊரில் ஓடுகிறதே. அச்சுக் கோடு பாட்டிலின் வாய் வரை ஏறிப்போனால் அது முழுக்க எந்திரத்தில் செய்தது, இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. பீங்கான் தட்டின் அடியில் இங்கிலாந்து என்று நாட்டின் பேர் போட்டிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது, அமெரிக்க இறக்குமதிச் சட்டம் கேட்டதால் வந்த பழக்கம் அது. இந்த மாதிரி சின்னச் சின்ன முன்னெல்லைகளைச் சேர்த்துக் கட்டித்தான் ஒரு குப்பை மேட்டின் காலத்தைச் சொல்ல முடியும். ஒரு தாளில் எழுதிப் பையிலேயே வைத்திருங்கள், மலையில் நெட் கிடைக்காது.

இனி மனிதர்கள். கல்லும் ஓடும் பதில் சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. லயத்தில் இருப்பவர்கள் நிலைமை வேறு. அந்த வீடு தோட்டத்தினுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லை என்றால், காலி செய்ய வேண்டியதுதான். அப்படியிருக்கும் ஒருவர் வாசலில் போய் நின்று சுவரை அளக்கட்டுமா என்று கேட்டால் அவருக்கு என்னவெல்லாம் தோன்றும்? ஒரு அக்கா என்னைப் பார்த்து, "எதுக்கும்மா அளக்குறீங்க, இடிக்கப் போறாங்களா?" என்று கேட்டார். நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த நம் மக்கள். அதற்குப் பிறகு அந்த மலையில் பழைய லயம் என்ற பேச்சை எடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளத்தான் தோன்றுகிறது. இதை ஆய்வுப் பொருள் என்று சொல்ல எனக்கு இருக்கும் உரிமை என்ன என்று நான் நிறைய அழுதிருக்கிறேன். அம்மாச்சி அங்கே வேலை பார்த்தார் என்பது மட்டும் அந்த உரிமையைத் தந்துவிடாது.

எனக்கு வழி திறந்தது கீழே, போடியிலும் கம்பத்திலும். ஓய்வு பெற்று இறங்கிவந்தவர்களுக்குப் பயம் கிடையாது, நேரம் உண்டு. ஒரு பாட்டி, "உக்காரு தாயி" என்று பாய் விரித்துவிட்டு, தரையில் கரித்துண்டால் தங்கள் லயத்தைக் கோடு போட்டுக் காட்டினார். ஒரு அறை, முன்னால் திண்ணை மாதிரி ஒரு தடுப்பு, பின்னால் அடுப்பு, புகை போக ஓட்டில் ஒரு சந்து. எந்தச் சுவர் பிற்பாடு வைத்தது, யார் வைத்தது, மண் எங்கிருந்து சுமந்தார்கள் என்பது வரை சொன்னார். நான் மேலே அளந்திருந்த கட்டடத்தின் இணைப்புக் கோடு ஏன் கோணலாக இருக்கிறது என்பதற்கு எந்த ஆவணத்திலும் பதில் இல்லை, அவரிடம் இருந்தது. கீழே உள்ளவர்களிடம் முதலில் போங்கள். அவர்கள் சொல்லி அனுப்பிய ஆளாக மேலே போனால் வரவேற்பே வேறு. மேஸ்திரியோ அலுவலகத்து ஆளோ கூட நிற்கும்போது பேட்டி எடுக்காதீர்கள். பேர், டிவிஷன், வீட்டு எண் எதையும் ஆய்வேட்டில் போடாதீர்கள். சம்மதத்தைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி வாங்குங்கள்.

ஆவணக் காப்பகத்தில் செலவாகும் நேரத்தைக் குறைக்க ஒரு கணக்குச் சொல்கிறேன். மூணாறு அடங்கிய தேவிகுளம் பகுதி 1949 வரை திருவிதாங்கூர், பின்பு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதன் கோப்புகள் திருவனந்தபுரத்தில். கோட்டகுடி, போடி பக்கம் மதுரை ஜில்லா, அது சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போகும். திருவிதாங்கூர் கோப்பில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டு, மதுரை வருவாய்க் கோப்பில் பசலி என்ற வருவாய் ஆண்டு. இவற்றை ஆங்கில வருடமாக்க ஒரு கணக்கு உண்டு. ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உள்ள தேதிக்குக் கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள், சிங்ஙம் (நம் ஆவணி) மாதம் பிறந்தபின் 824. பசலி ஜூலையில் தொடங்கும், ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஜூன் வரை 591. ஆக 1924 ஜூலை வெள்ளம் ஒரு பக்கம் 1099-இலும் மறுபக்கம் 1334-இலும் கிடக்கிறது. மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். கோப்பு கேட்கும் சீட்டில் ஆங்கில வருடம் எழுதிக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். துறைத் தலைவர் கடிதம், அடையாள அட்டை இரண்டுக்கும் கூடுதல் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போக ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். புல் காய்ந்து தரை தெரியும், சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது தடத்தின் மேடு தனியாகத் தெரியும். மழைக்காலத்தில் அட்டையும் மூடுபனியும்தான் மிச்சம். சீசனில் மூணாறில் அறை வாடகை தாங்காது. நான் கடைசியில் போடியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய்வந்தேன், களைப்பு அதிகம், செலவு பாதி.

இப்போது என் ஆய்வு முழுத் தடத்தையும் பற்றியது இல்லை. சாலையோரம் தெரியும் பகுதிகள், கீழே இறங்கிவந்தவர்களின் நினைவு வரைபடங்கள், இரண்டு மாநிலக் கோப்புகள், இவ்வளவுதான். கம்பிவடச் சரிவுக்கான வன அனுமதி இன்னும் வரவில்லை, திரும்ப விண்ணப்பித்திருக்கிறேன். இதற்கிடையில் அங்கே கட்டடங்கள் புதுப்பிக்கப்படுகின்றன, ஓடு இறங்கித் தகரம் ஏறுகிறது. அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள், வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். பழைய ஓட்டை இறக்கும் அன்று, கீழே அடுக்குவதற்கு முன், அடிப்பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்து ஒரு படம் எடுத்து, எந்தக் கட்டடம், எந்தப் பக்கக் கூரை என்று அதோடு எழுதி வைத்துவிடுங்கள்.